பக்கம் இருபத்திரண்டு

ஏப்ரல் 21, வெள்ளி

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன சேர்மக்கனி ஐந்தே காலுக்கு வந்தான். மகளிர் ஹாக்கி அணியின் பயிற்சியாளர், ஐம்பத்திரண்டு வயது, கோவில்பட்டியில் பாதிப் பேர் அவனைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள். கடிகாரம் பார்க்க மட்டும் தெரியவில்லை. பதினான்கு வயதில் என் கணவரிடம் ஸ்டிக் பிடிக்கக் கற்றவன். அவரிடம் நேரம் தவறினால் மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம். என்னிடம் அந்த வசதி இல்லை.

"மாஸ்டரம்மா, மாஸ்டர் நினைவுக் கோப்பைக்கு இது இருபத்தஞ்சாவது வருசம். விழா மலர் பெருசா போடுதோம். பிள்ளைக அத்தனை பேர் பேட்டியும் வரணும். நல்ல தமிழ்ல எழுத உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஒப்புக்கொண்டேன். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பெண்ணும் தான் சொன்னதை நான் எழுதியபின் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத பக்கம் அச்சுக்குப் போகாது. கான்வென்ட்டில் சிஸ்டர் கிளெமென்ஸ் எங்களுக்கு விதித்த விதி இது. அறுபது வருடமாக நான் அதை மீறியதில்லை.

"எதுக்கு மாஸ்டரம்மா இவ்வளவு?"

"எனக்கு வேண்டும்."

எனக்கு ஒரு பெயரும் உண்டு. எமிலி. இந்த ஊரில் அதை அறிந்தது பங்குச் சாமியாரும் ரேஷன் கார்டும்தான்.

ஏப்ரல் 22, சனி

அவன் கைபேசியில் பதிவு செய்து கொடுத்ததைக் கேட்டேன். பதினாறு பெண்கள். அதில் பதிமூன்று பேர், "ஒவ்வொரு மேட்ச்சா பாக்குறோம்" என்கிறார்கள். வேறு எப்படிப் பார்ப்பார்கள்? இரண்டு மேட்ச்சை ஒரே நேரத்தில் ஆடியவர் யாராவது உண்டா? பதினோரு பேர், "டீம்ல எல்லாரும் செம எக்ஸைட்மென்ட்ல இருக்கோம்." ஒன்பது பேருக்கு இது, "என் கேரியர்ல முக்கியமான கட்டம்." அந்த ஒன்பது பேரில் இருவர் போன மாதம்தான் அணியில் சேர்ந்தவர்கள்.

சேர்மக்கனியின் பேட்டி இருபது நிமிடம். "புது ரத்தம்" என்று ஏழு முறை. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம்.

யாரும் தன் சொந்த வாயால் பேசவில்லை. யாரோ முன்பே சொன்னதை வாங்கித் திருப்பிச் சொல்கிறார்கள். நானே போய்க் கேட்கிறேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து நேராக மைதானத்துக்குப் போனேன். செயற்கைப் புல்லில் தண்ணீர் அடித்திருந்தார்கள். என் செருப்பு நனைந்தது. பல வருடம் கழித்து எல்லைக்கோட்டுக்கு உள்ளே நின்றேன் என்று வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது.

புதிதாக வந்திருக்கும் கோல்கீப்பர் ஹெப்சிபா. பதினேழு வயது, கொடிக்கம்பம் மாதிரி உயரம். கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.

"உனக்கு எப்படி இருக்கிறது?"

"டீம்ல எல்லாரும் செம எக்ஸைட்மென்ட்ல..."

"அதை விடு. உனக்கு."

திரும்பிப் பார்த்தாள். சேர்மக்கனி தூரத்தில் இருந்தான். "பயமா இருக்கு மாஸ்டரம்மா. போன மேட்ச்சுக்கு முன்னாடி வாந்தி எடுத்துட்டேன். ஹெல்மெட்டுக்குள்ளயே."

"பிறகு?"

"பேச்சி அக்காதான் கழுவித் தந்தா. அவ ஹெல்மெட்ட எனக்கு மாட்டிவிட்டு, நாத்தம் பிடிச்ச என்னுத அவ மாட்டிக்கிட்டா. 'ஏட்டி, இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாசம்'னு சொன்னா. அப்புறம் பயம் போயிருச்சு."

இதை அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போடும்போது, "யாத்தி, வாந்தியுமா வருது?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போட்டாள்.

பேச்சி என்கிற பேச்சியம்மாள் மூத்த கோல்கீப்பர். முப்பத்தொரு வயது. கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கோல் கம்பத்துக்கு முன் நிற்பவள். அக்காளுக்குப் பிரசவம் என்று சாத்தூர் போயிருக்கிறாளாம். மற்ற எல்லோரிடமும் இன்றே கேட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன், அவள் பக்கம் மட்டும் பாக்கி.

ஏப்ரல் 25, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் நாளை வருகிறேன் என்றான். இவனும் ஹாக்கிக்காரனாகப் போயிருக்கலாம்.

ஏப்ரல் 28, வெள்ளி

சிவகாசி அச்சகத்துக்கு இன்று அனுப்பியாக வேண்டும். பேச்சி இன்னும் வரவில்லை. சேர்மக்கனி வந்தான், நின்றுகொண்டே பேசினான்.

"பேச்சி இந்த வருசத்தோட முடிச்சுக்கிடுதா மாஸ்டரம்மா. ஒரு பிரிவுரை மாதிரி அழகா எழுதிருங்க. தொடக்க விழாவுல வழக்கம்போல உங்க கையால பொன்னாடை. அவ சட்டைய ஹெப்சிபா கையில குடுக்கணும்."

"அவள் வந்து கையெழுத்துப் போடட்டும்."

"அவ என்கிட்ட சொன்னதுதானே? நான் சொன்னா என்ன, அவ சொன்னா என்ன? பஸ்ஸு அஞ்சரைக்கு. பார்சல் போகலைன்னா மலரே இல்ல."

எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கேயோ பார்த்து எடுத்ததுபோல் தானாக வந்தது. "பன்னிரண்டு ஆண்டுகள் கம்பத்தைக் காத்த நான், இனி இல்லத்தைக் காக்கும் கடமையில், முழுமனதுடனும் மகிழ்ச்சியுடனும் இளையவர்களுக்கு வழிவிட்டு விடைபெறுகிறேன்." மலரிலேயே நன்றாக வந்திருக்கும் பக்கம் இதுதான்.

கையெழுத்துக்கு விட்ட இடத்தில் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடம் தெரியாமல் இருக்க ஒரு சிறிய பூப்படம் போடச் சொன்னேன்.

மே 3, புதன்

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. நாற்பத்தோரு பிழை. "பயிற்ச்சி" என்று ஆறு இடத்தில். பக்கம் இருபத்திரண்டில் ஒரு பிழையும் இல்லை.

அச்சகத்துக்காரர் போனில் கேட்டார்: "அம்மா, நீங்களும் ஆடுனவங்கன்னு சொன்னாங்களே, உங்கள பத்தி ஒரு பக்கம் போடலாமே?" வேண்டாம் என்றேன். மாநில அணியின் முன்வரிசையில் இரண்டு வருடம் ரைட் இன் ஆடினேன். 1972 ஜனவரியில் திருமணம், ஏப்ரலில் நிறுத்திக்கொண்டேன். என் விருப்பம்தான். அப்படித்தான் அன்றைய மலரிலும் அச்சாகியிருக்கிறது. என் கணவர் கேட்காமல் எதையும் செய்கிறவர் இல்லை.

மே 10, புதன்

அறுநூறு மலர்களும் இறங்கின. கிளப் அலமாரியில் கரையான் என்று என் கூடத்தில் அடுக்கிவிட்டுப் போனார்கள். வீடு முழுக்க மை வாசம். சேர்மக்கனி அணிக்குப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டான்.

ஆறு மணிக்குப் பேச்சி வந்தாள். கம்பெனி சேலையோடு, முன்கையில் வெல்லப் பாகு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மலரைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள்.

"இது யாரு மாஸ்டரம்மா சொன்னது?"

"நீ."

"நானா? நான் சாத்தூர் ஆஸ்பத்திரில அக்கா பக்கத்துல உக்காந்துருந்தேன். எவனும் எனக்கு ஒரு போன் போடல."

"சேர்மக்கனியிடம் நீ..."

"அவரு கேட்டாரு. 'வயசாகுதே பேச்சி, யோசிச்சியா'ன்னு. யோசிக்கேன்னு சொன்னேன். யோசிக்கேன்னா போறேன்னு அர்த்தமா?" குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஜூன்ல மாநில அணிக்குத் தேர்வு. பன்னெண்டு வருசத்துல நாலு தடவ போனேன், நாலு தடவையும் கடைசி ரவுண்டுல ரெண்டாவது ஆளா நின்னுட்டேன். இந்தத் தடவ முதல் ஆளு கல்யாணமாகிப் போயிட்டா. இதுதான் என் முறை. தேர்வு பண்ணுறவங்க மூணு பேரும் தொடக்க விழாவுக்கு வாராங்க, ஆளுக்கொரு மலர் குடுப்பீங்க. மகிழ்ச்சியா விடைபெறுகிறேன்னு அச்சுல சொன்னவள எவன் கூப்பிடுவான்?"

நான் மலரை வாங்கி மூடினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க அம்மைக்குப் படிச்சுக் காட்டுனேன், அழுதுட்டா. நான் போறேன்னு உங்க எழுத்தப் படிச்சுத்தான் எனக்கே தெரியும்."

போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. அவள் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களிடம் பேசும் முறை இதுவல்ல.

பூப்படத்தைப் பார்த்தேன். செம்பருத்தி. மட்டமான படம்.

மே 11, வியாழன்

சேர்மக்கனியை வரச் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு வந்தான். பயந்திருக்கிறான்.

"என்னிடம் பொய் சொன்னாயா?"

"பொய் இல்ல மாஸ்டரம்மா. ஆறு மாசம் கழிச்சு அவளே சொல்லப் போறத இப்பவே சொன்னேன். ஹெப்சிபா ரெடியா இருக்கா. பேச்சி நின்னா அந்தப் பிள்ள பெஞ்சுலதான் உக்காரணும். டீமுக்கு ஒரு எக்ஸைட்மென்ட் வேணும்லா?"

"அவளிடம் நேரில் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

அவன் உண்மையாகவே வியந்தான். "நேர்ல சொன்னா சண்ட போடுவா, அழுவா. மேடையில பொன்னாடை போட்டு, நாலு நல்ல வார்த்த சொல்லி, ஊரே கை தட்டுறப்ப, எவ 'நான் போகல'ன்னு சொல்லுவா? மாஸ்டர் எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதானே? 'சீனியர அனுப்பணும்னா ரூமுக்குள்ள வச்சுப் பேசாதல, மைக்குல பேசு'ன்னு சொல்லுவாரு."

"எப்போது சொன்னார்?"

"எத்தனையோ தடவ. முதல்முதல்ல உங்களுக்குத்தான் அப்படிச் செஞ்சேன்னும் சொல்லுவாரு. சிரிச்சுக்கிட்டே. 'எமிலிக்கே மேடையிலதான்ல தெரியும், அடுத்த நாளே காலையில எனக்கு இட்லி அவிச்சா'ன்னு..."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"வெளியே போ," என்றேன்.

வாசலில் நின்று, "மலர் அச்சாயிருச்சு மாஸ்டரம்மா, ஒண்ணும் செய்ய முடியாது. மேடையில பாருங்க, கைதட்டல் கேட்டதும் அவளே சரின்னுருவா," என்றான்.

மே 12, வெள்ளி

துணி துவைத்தேன். காய வைத்தேன். மடித்தேன்.

மே 13, சனி

இருபத்து நான்கு வருடமாக அந்த மேடையில் பொன்னாடை போர்த்தியவள் நான். பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினோரு பெண்கள். ஒவ்வொருத்தியும் தலை குனிந்து நின்றாள். அடக்கம் என்று நினைத்தேன். கலாவதி என்ற பெண்ணின் தோள் நடுங்கியதை, அவளுக்குச் சளிக்காய்ச்சல் என்று இதே போன்ற ஒரு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பீரோவின் அடித்தட்டில் 1972 மலர் இருந்தது. ஒன்பதாம் பக்கம். என் படம், இரட்டைப் பின்னல், கையில் ஸ்டிக். கீழே:

"இனி இல்லத்தைக் காக்கும் கடமையில், முழுமனதுடனும் மகிழ்ச்சியுடனும் இளையவர்களுக்கு வழிவிட்டு விடைபெறுகிறேன்."

ஒரு சொல் மாறாமல் பேச்சிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஐம்பத்தொரு வருடம் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வழிவிட வேண்டிய இளையவர்கள் யார்? குழந்தைகளா?

அன்று காலை ஷூவுக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்துவிட்டுத் தொடக்க விழாவுக்குப் போனேன். மதியம்தான் ஆட்டம். மேடைக்கு அழைத்தார்கள், பரிசு என்று நினைத்து ஓடினேன். என் கணவர் மைக்கில் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். யாருக்காகத் தட்டுகிறேன் என்று தெரியாமலே தட்டினேன். திரும்பி வந்தபோது ஷூ காய்ந்திருந்தது.

ஆமாம், மறுநாள் இட்லி அவித்தேன். அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இருபத்தாறு வருடமாக அவர் படத்துக்கு மாலை போடுகிறேன். இன்று போடவில்லை.

மே 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒரு தாளுக்கு எட்டு சீட்டு வருமாறு எழுதிக் கொடுத்து, எழுபத்தாறு தாள் எடுத்தேன்.

"பிழைத்திருத்தம். பக்கம் 22-இல் உள்ளவை பேச்சியம்மாளின் சொற்கள் அல்ல. அவரைக் கேட்காமல் எழுதியவள் நான். அவர் ஆட்டத்திலிருந்து விலகவில்லை. எமிலி."

கடைக்காரப் பையன் கேட்டான்: "எமிலி யாரு மாஸ்டரம்மா?"

மே 15, திங்கள்

தனியாக அறுபது ஒட்டியதில் விரல்கள் மடங்கவில்லை. மாலை ஹெப்சிபா வந்தாள், பின்னால் பேச்சியும். நான் அழைக்கவில்லை. ஜெராக்ஸ் கடை வழியாக ஊருக்கே தெரிந்திருக்கிறது. சேர்மக்கனிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையாம்.

மன்னிப்பு என்ற சொல்லைக் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வரவில்லை. காபி கொடுத்தேன்.

"சீனி பத்தல," என்றாள் பேச்சி. இன்னும் கோபம்தான். இருக்கட்டும்.

"எக்கா, செம்பருத்திப் பூவ மறைச்சு ஒட்டவா?" ஹெப்சிபா கேட்டாள்.

"அந்தச் சனியனத்தான் மொதல்ல மறைக்கணும்."

"நீ நின்னா நான் பெஞ்சுலயா உக்காரணும்?"

"ஆமாட்டி. உக்காரு. என்னைய விட நல்லா ஆடு, எந்திரிச்சு வந்து என்னையப் பிடிச்சுத் தள்ளு. அப்பப் போறேன். பொன்னாடை போத்தி என்னைய எவனும் தள்ள வேண்டாம்."

"தள்ளத்தான் போறேன். பாத்துக்கோ."

"வாந்தி எடுக்காம தள்ளு."

இருவரும் சிரித்தார்கள். பேட்டியில் எழுத வேண்டியது இதுதான். மூன்று நாளில் அத்தனையும் ஒட்டி முடித்துவிடலாம்.

மே 18, வியாழன்

சேர்மக்கனி ஆள் விட்டுக் கட்டுகளை எடுத்துக்கொண்டான். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. எழுத்தை அவன் என்றைக்குப் பார்த்தான்?

மே 19, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை ஐந்து மணி. தேர்வாளர்கள் மூவரும் முன்வரிசையில். மலர்கள் நாற்காலி மேல். சேர்மக்கனி மைக்கில், "கனத்த இதயத்தோட" என்று ஆரம்பித்தான். பேச்சியை மேடைக்கு அழைத்தான். அவள் பேடும் ஹெல்மெட்டுமாக, ஆடுவதற்குத் தயாராக ஏறி வந்தாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது. "நம்ம மாஸ்டரம்மா திருக்கரத்தால் பொன்னாடை" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். மைக்கையும் வாங்கிக்கொண்டேன். பேச்சியைத் தாண்டிப் போய் அவன் தோளில் போர்த்தினேன்.

"பயிற்சியாளர் சேர்மக்கனி அவர்கள், இனி இல்லத்தைக் காக்கும் கடமையில், முழுமனதுடனும் மகிழ்ச்சியுடனும் இளையவர்களுக்கு வழிவிட்டு இன்று விடைபெறுகிறார்," என்றேன்.

ஊர் கை தட்டியது. நன்றாகத் தட்டியது. பின்வரிசையில் விசில். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று வணங்கினார். சேர்மக்கனியின் வாய் திறந்தது, மூடியது. பொன்னாடையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, கடைசியில் அவனும் கும்பிட்டான். எனக்கு நன்றாகத் தெரிந்த கும்பிடு அது.

தட்டி முடியும்வரை காத்திருந்தேன்.

"அவர் போகவில்லை," என்றேன். "அவரைக் கேட்காமல் சொன்னேன். நீங்கள் தட்டினீர்கள், அவரால் பேச முடியவில்லை. இந்த மேடையில் இருபத்து நான்கு வருடமாக இதுதான் நடக்கிறது. போர்த்தியது என் கைகள். பேச்சியம்மாளும் போகவில்லை. இருபத்திரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்."

தாள் புரளும் சத்தம். அறுநூறு பேர் ஒரே பக்கத்தைத் தேடினால் மழை மாதிரி இருக்கிறது.

"மாஸ்டர் பேர்ல நடக்குற விழாவுல இப்படிப் பண்ணிட்டீங்களே மாஸ்டரம்மா," என்றான் சேர்மக்கனி, மைக்குக்கு எட்டாமல். கண்ணில் தண்ணீர். அவனுக்காக வருந்த வேண்டும் என்று தோன்றியது. வருந்தவில்லை.

"என் பெயர் எமிலி. நேரமாகிவிட்டது, ஆட்டத்தைத் தொடங்கு."

பேச்சிதான் கம்பத்தில் நின்றாள். ஒன்றுக்கு இரண்டு, தோற்றுவிட்டோம். முதல் கோல் அவள் தவறு, காலை விரித்துவிட்டாள், எழுதத்தான் வேண்டும். அதன்பின் நான்கு பெனால்ட்டி கார்னர் தடுத்தாள். நான்காவது தொண்டைக்கு நேராக வந்த பந்து. தேர்வாளர்களில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியாது. ஜூனில் தெரியும்.

மைதானத்தை விட்டு வரும்போது பேச்சி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "எமிலி அக்கா, மொத கோலு பாத்தீங்களா? அசிங்கமா விட்டுட்டேன்," என்றாள்.

"பார்த்தேன். முழங்காலை மூடு."

மே 20, சனி

மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறானாம்.

சீட்டுகள் மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்துப் பின்புறத்தில் பேனாவால் எழுதினேன்: "பிழைத்திருத்தம். பக்கம் 9. எமிலியை யாரும் கேட்கவில்லை. அவள் மதியம் ஆடுவதாக இருந்தாள்." 1972 மலரில், அந்த வரியின் மேல் ஒட்டினேன். கடைசிப் பசை, கொஞ்சம் தண்ணியாக இருந்தது. காயும்வரை மலரை மூடக் கூடாது என்று வெயில் விழும் இடத்தில் விரித்து வைத்திருக்கிறேன்.